ரத்தம் எவ்வளவு சொல்லும்?

எங்கள் திருச்சுழிப் பக்கம் மறதியை யாரும் வியாதியாக நினைப்பதில்லை. "வயசாயிருச்சுல்ல, நெனப்பு தப்பத்தானே செய்யும்" என்று முடித்துவிடுவார்கள். என் அக்காவுக்கும் ஊர் அதைத்தான் சொன்னது. முதலில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். பிறகு வீட்டுக்கு வழி தெரியாமல் குண்டாற்றங்கரையில் நின்றாள். கடைசியில் என்னையே "நீங்க யாரு?" என்று கேட்டாள். ஆனால் காரைக்கால் பள்ளியில் நாங்கள் படித்த பிரெஞ்சுப் பாட்டை மட்டும் ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பாள். மனப்பாடத்தைப் பிரெஞ்சில் 'பார் கேர்' என்பார்கள். இதயத்தின் வழியாக என்று அர்த்தம்.

மதுரையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் "அல்சைமராக இருக்கலாம்" என்றார். 'இருக்கலாம்' என்பதைத் தாண்டி அன்று போக முடியவில்லை. அக்கா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது.

போன மாதம் பெங்களூரிலிருந்து மகன் பேசினான். "அப்பா, இப்ப ரத்தத்துலயே கண்டுபிடிச்சிரலாமாம்ப்பா. அத்தைக்கு வந்துச்சுல்ல, நீங்களும் ஒரு தடவை பாத்துருவோமே." எனக்கு 74 வயது. "பாக்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, ஆபீஸ் கோப்பைப் படிப்பதுபோல இந்த விஷயத்தை முதலிலிருந்து படித்தேன்.

1906-ல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர், இறந்துபோன ஒரு பெண்மணியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இந்த நோயைக் கண்டார். மூளையில் அமிலாய்டு என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிகிறது; டௌ என்ற இன்னொரு புரதம் நரம்பணுக்களுக்குள் சிக்கு விழுகிறது. மறதி வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே இது தொடங்கிவிடும். உயிரோடு இருப்பவருக்கு இதை உறுதி செய்ய, முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும், அல்லது செலவு பிடித்த பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும். மாறிப்போன டௌ புரதத்தில் கொஞ்சம் ரத்தத்திலும் கசிகிறது. அதை அளக்கும் வழி இப்போது வந்திருக்கிறது. அதில் பெயர் பெற்றது பி-டௌ 217. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இப்படி ஒரு ரத்தப் பரிசோதனைக்கு முதன்முதலாக அனுமதி கொடுத்தது 2025 மே மாதம். அதிலும் நிபந்தனை உண்டு: வயது 55 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், மறதியின் அறிகுறியும் இருக்க வேண்டும்.

சரி, அறிகுறி இல்லாதவருக்கு இது ஜோசியம் சொல்லுமா? ஸ்வீடனில் ஸ்டாக்ஹோம் நகரத்தில், மறதி நோய் இல்லாத, 60 வயது தாண்டிய 2,148 பேரின் ரத்தத்தை எடுத்து வைத்து, 16 வருஷம் வரை கவனித்தார்கள். 2025-ல் முடிவு வந்தது. அளவு குறைவாக இருந்தவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் அடுத்த பத்து வருஷத்தில் நோய் வரவில்லை. ஆனால் அளவு கூடுதலாக இருந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வரவில்லை! 'இல்லை' என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். 'வரும்' என்று சொன்னால் நம்பி உட்கார்ந்து அழ வேண்டியதில்லை. போதாததற்கு, சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இந்த அளவு கூடிக் காட்டுமாம். நம்மில் எத்தனை பேர் சர்க்கரையோடு இருக்கிறோம்!

அப்படியானால் இதனால் யாருக்கு லாபம்? என் எண்ணத்தில், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத்தான். அருப்புக்கோட்டை டாக்டர் ஒருவர் எனக்கு ஞாபகசக்தி சோதனை வைத்தபோது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். நான் வாய்க்குள் பிரெஞ்சில் கழித்தேன். அந்த மொழியில் 93 என்பது 'நாலு இருபதும் பதின்மூன்றும்', 79 என்பது 'அறுபதும் பத்தொன்பதும்'. டாக்டர் சிரித்தார். பள்ளிக்கூடம் போன எனக்கு அது விளையாட்டு. களை எடுத்தே காலம் கழித்த ஒரு பாட்டியிடம் இதைக் கேட்டால், புத்தி நன்றாக இருந்தாலும் தோற்றுப்போவாள். இதற்காகவே 1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில், படிக்காதவர்களுக்குப் பொருந்தும்படி கேள்விகளை மாற்றி அமைத்தார்கள். ரத்தமோ யாருடைய படிப்பையும் கேட்பதில்லை.

ஆனால் எது சரியான அளவு என்பதை வெள்ளைக்காரர் ரத்தத்தை வைத்து மட்டும் முடிவு செய்துவிட முடியாது. அதனால் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டம் சீனிவாசபுரத்துக் கிராமங்களில் 45 வயது தாண்டியவர்களைப் பல வருஷமாகத் தொடர்ந்து பரிசோதித்து வருகிறது. அதுவும் நம்மைப் போல வறண்ட பூமிதான். 2023-ல் வெளியான ஓர் ஆய்வுக் கணக்குப்படி நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய். இத்தனை பேருக்கும் பெட் ஸ்கேன் நடக்கிற காரியமா? ஒரு குழாய் ரத்தம் என்றால் என்றாவது ஒரு நாள் நம் தாலுகா ஆஸ்பத்திரி வரை வரும்.

மகனிடம் இப்படிச் சொன்னேன்: "அறிகுறி தெரிஞ்சா நீ கூப்பிடுற இடத்துக்கு வர்றேன் தம்பி. சும்மா இருக்கிறப்ப எடுத்து, வரும் வரும்னு பயந்துக்கிட்டே இருக்க என்னால ஆகாது." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிப்பா" என்றான்.

நண்பர்களே, வருஷா வருஷம் கருவூலத்தில் நேர்காணல் கொடுத்து, உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்கிறோம். அதோடு இதையும் செய்யுங்கள். பி-12 வைட்டமின், தைராய்டு இரண்டையும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் பாருங்கள்; அந்தக் குறைகளால் வரும் மறதியை மருந்தால் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. பிரஷர், சர்க்கரைக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது, தவறாமல் போடுங்கள். காது கேட்கவில்லையா, மிஷின் வைக்கக் கூச்சப்படாதீர்கள். பிரஷர், சர்க்கரை, காது கேளாமை ஆகியவற்றையும் சேர்த்து 14 காரணங்களைச் சரிசெய்தால், உலகத்தில் வரும் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் சொல்லியிருக்கிறது.

ஓய்வூதியப் புத்தகம், வங்கிக் கணக்கு, பட்டா எல்லாம் எங்கே இருக்கின்றன என்று நினைவு நன்றாக இருக்கும்போதே ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். வீட்டில் யாராவது பழகிய வழியை மறந்தாலோ, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, வயசாயிருச்சு என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.