‘கேசட் போடு’ முதல் ‘சுத்திக்கிட்டே இருக்கு’ வரை: வீடியோவைப் பற்றி மக்கள் பேசும் மொழி

புதிய வீடியோக் கருவி ஒன்று சந்தைக்கு வரும்போது அதன் பெருமை எண்களில் சொல்லப்படுகிறது. இத்தனைப் படப்புள்ளிகள், நொடிக்கு இத்தனைச் சட்டகங்கள், இத்தனை ஜிபி கொள்ளளவு என்று விளம்பரம் அடுக்குகிறது. அக்கருவியை வாங்கிப் புழங்கும் மக்களின் பேச்சில் இந்த எண்கள் அரிதாகவே இடம்பெறுகின்றன. “எல்லாரும் உக்காந்து பாக்கலாம்”, “கீறல் விழுந்தாலும் ஓடும்”, “பத்திரமா இருக்குமா?”, “அவங்க குரல் கேக்குதா?” போன்ற தொடர்களே அங்கு மிகுதி. இவற்றைத் தொழில்நுட்பம் அறியாதோரின் பேச்சு என ஒதுக்கிவிடுவது எளிது. எனினும் கடந்த நாற்பதாண்டுக்கால இந்திய வீடியோ வரலாற்றோடு இத்தொடர்களை ஒப்பிட்டு நோக்கினால், அவற்றுள் உறுதியான ஒரு மதிப்பீட்டு முறை இயங்குவது புலப்படும்.

1982ஆம் ஆண்டு தில்லியில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டித் தூர்தர்ஷன் வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. வண்ணத் தொலைக்காட்சியும் வீடியோ கேசட் கருவியும் நடுத்தரக் குடும்பங்களின் கண்ணுக்கு எட்டிய காலம் அது. கைக்கு எட்டியவர்கள் சிலரே. ஆகவே வாடகை முறை பரவியது. கருவி, பெட்டி, மூன்று நான்கு படங்கள் எனச் சேர்த்து ஓர் இரவுக்கு எடுத்துவந்து விடிய விடியப் பார்ப்பது நாடெங்கும் இருந்த வழக்கம். வட இந்தியர் அக்கருவியை ‘வி.சி.ஆர்.’ என்றனர். தமிழர் ‘டெக்’ என்று சுருக்கிக்கொண்டனர்.

அக்காலப் பேச்சுத்தமிழில் வீடியோவோடு சேர்ந்துவந்த வினைச்சொல் ‘போடு’ என்பதாகும். ‘கேசட் போடு’, ‘படம் போட்டாங்க’, ‘இன்னொரு தடவ போடுங்க’ என்பன அதன் ஆட்சிகள். போடுபவர் ஒருவர், பார்ப்பவர் பலர் என்னும் அமைப்பு அவ்வினைக்குள்ளேயே இருக்கிறது. வாடகைக்குப் பணம் கொடுத்தவர் வீட்டில் தெருவே கூடியமர்ந்ததை அச்சொல் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. விஎச்எஸ் நாடா தரும் படம் கிடைமட்டத்தில் ஏறத்தாழ 240 கோடுகள் அளவே துல்லியம் கொண்டது. இன்றைய கண்ணுக்கு அது மங்கலான படம். அன்று கூடியமர்ந்தவர்கள் படத்தின் தரத்தைக் குறித்துப் பேசவே இல்லை என்பதும் சரியன்று. ‘பிரிண்ட் நல்லா இருக்கு’, ‘கேமரா பிரிண்ட்’, ‘கோடு கோடா வருது’ என நுட்பமாக வகைப்படுத்தினர். ஆயினும் பிரிண்ட் சுமார் என்பதற்காக எழுந்துபோனவர் குறைவு.

இம்மதிப்பீட்டு முறை மிகத் தெளிவாக வெளிப்பட்ட இடம் வீடியோ சிடி. பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி ஆகிய நிறுவனங்கள் 1993இல் வகுத்த வடிவம் இது. நம் நாட்டு ஒளிபரப்பு முறைக்கான அதன் படம் 352க்கு 288 புள்ளிகள் கொண்டது. மூன்றாண்டுகள் கழித்து ஜப்பானில் அறிமுகமான டிவிடியின் படமோ 720க்கு 576. அதாவது ஏறத்தாழ நான்கு மடங்கு. பொறியியல் கணக்குப்படி விசிடி விரைவில் மறைந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் அது வேரூன்றவே இல்லை. இந்தியாவிலோ டிவிடி வந்தபின்னும் பல்லாண்டுகள் விசிடி நிலைத்து நின்றது.

காரணத்தை மக்களின் பேச்சிலிருந்தே எடுக்கலாம். “நாடா சிக்கிக்கிட்டா போச்சு, இது துடைச்சுப் போட்டா ஓடும்.” “எந்த பிளேயர்லயும் போடலாம், கம்ப்யூட்டர்லயும் ஓடும்.” டிவிடிக்கு உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்தின் தட்டு மற்றொரு மண்டலத்தின் கருவியில் ஓடாதவாறு பூட்டு வைத்திருந்தனர், இந்தியா ஐந்தாம் மண்டலத்தில் வைக்கப்பட்டது. விசிடிக்கு அந்தப் பூட்டு இல்லை. ஒரு படத்துக்கு இரண்டு மூன்று தட்டுகள் தேவைப்பட்டதும், இடையில் எழுந்துசென்று மாற்ற வேண்டியிருந்ததும் யாருக்கும் பெருங்குறையாகத் தோன்றவில்லை. இடைவேளைக்குப் பழகிய மக்கள் அவர்கள். பின்னர் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது விலை வேறுபாடு ஏறத்தாழ மறைந்தது. மக்கள் டிவிடிக்கும் நகர்ந்தனர். அவர்கள் தெளிவான படத்தை வெறுத்தவர்கள் அல்லர். தெளிவுக்குக் கொடுக்க வேண்டிய விலையைச் சரியாக எடைபோட்டவர்கள்.

அடுத்த மாற்றம் இன்னும் விரைவானது. 2016 ஜூலையில், உலகில் எஞ்சியிருந்த கடைசி வி.சி.ஆர். உற்பத்தியாளரான ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று இந்தியாவில் ஜியோ சேவை தொடங்கியது. இணையத் தரவின் விலை சரிந்தது. இரண்டே மாத இடைவெளியில் ஒரு காலம் முடிந்து மற்றொன்று பிறந்தது எனலாம்.

இம்மாற்றத்தைத் தமிழின் ஒரு சிறு வினைச்சொல் அழகாகப் பதிந்துவைத்திருக்கிறது. சிடி காலத்தில் ‘சுத்துது’ என்றால் தட்டு சுழல்கிறது, கருவி வேலை செய்கிறது, படம் வரப்போகிறது என்று பொருள். இன்று ‘சுத்துது’ என்றால் திரையின் நடுவில் வட்டம் சுழல்கிறது, படம் வரவில்லை என்று பொருள். இந்தி பேசுவோரும் இதே நிலையை ‘கூம் ரஹா ஹை’ என்கின்றனர். இயக்கத்தைக் குறித்த சொல் தடையைக் குறிக்கலாயிற்று. முன்பு சுழன்ற பொருள் வீட்டுக்குள் இருந்தது. நின்றுவிட்டால் திறந்து பார்க்கலாம், துடைக்கலாம், தெருமுனைக் கடைக்கு எடுத்துச் செல்லலாம். இப்போது சுழலும் வட்டத்துக்கு எந்தக் கடையிலும் மருந்து இல்லை. ‘கவர் ஆகல’, ‘சர்வர் டவுன்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பதே வழி.

‘போடு’ என்னும் வினையும் தேய்ந்து வருகிறது. கைப்பேசியில் படம் ‘வருது’, ‘ஓடுது’. பார்ப்பவர் ‘தள்ளிக்கிட்டே’ இருக்கிறார். போடுபவர் என்றொரு மனிதர் அந்தத் தொடரில் இல்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை நடுவணரசு தடைசெய்தபோது, எண்ணற்ற எளிய மனிதர்கள் தாங்களே நடித்துப் பதிவேற்றிய வீடியோக்கள் இந்தியாவில் காண முடியாதவை ஆயின. தடையின் அரசியல் காரணங்கள் தனி விவாதத்துக்கு உரியவை. இங்குக் கருதத்தக்கது ஒன்றுதான். பதிவின் மறுபடியைக் கையில் வைத்திராதவருக்கு அது ஒரே நாளில் இல்லாமற்போயிற்று. ‘பத்திரமா இருக்குமா?’ என்று கேட்ட முதியவர்களின் கேள்வி அன்று வெறும் அச்சமாகத் தெரிந்திருக்காது.

எனில், முதியவர்கள் சொல்வதுபோல் பழையதுதான் சிறந்ததா? இதற்கு விடை கல்யாணக் கேசட்டில் இருக்கிறது.

இந்தியக் குடும்பங்கள் தங்களுக்காகத் தாங்களே எடுப்பித்துக்கொண்ட வீடியோக்களில் தலையாயது திருமணப் பதிவு. ‘கல்யாணக் கேசட்’ என்றும் பின்னர் ‘கல்யாண சிடி’ என்றும், பொருளின் பெயர் அதனுள் அடங்கிய நிகழ்வுக்கு ஆகிவந்தது. இன்று அது ‘கல்யாண வீடியோ’ ஆகிவிட்டது. கையில் பிடிக்கத்தக்க பொருள் நீங்கியதும் ஆகுபெயரும் நீங்கியது. அந்தக் கேசட்டுகள் மூன்று மணி நேரம் ஓடுபவை. மாப்பிள்ளை அழைப்பு, பந்தி, பரிசு கொடுக்க நிற்கும் வரிசை என எல்லாம் அவற்றில் உண்டு. இன்று உயிரோடு இல்லாத பலரும் நடமாடும் ஒரே இடம் பல குடும்பங்களுக்கு அதுதான்.

அவர்கள் நடமாடுகிறார்கள்; பேசுவது மட்டும் கேட்பதில்லை. வீடியோக்காரர் தொகுக்கும்போது அசல் ஒலியை நீக்கிவிட்டுத் திரைப்பாடல்களை ஏற்றிவிடுவது அன்றைய பொதுவழக்கம். கொடுத்தவரும் வாங்கியவரும் அதைக் குறையாக எண்ணவில்லை. பாட்டு ஏற்றுவதே கைத்திறன் எனக் கருதப்பட்டது. விளைவாக, பாட்டி யாரையோ அதட்டுகிறார், தாத்தா ஏதோ சொல்லிச் சிரிக்கிறார், அவர்களின் வாயசைவுக்கு மேல் ஒரு காதல் பாடல் ஓடுகிறது. மொழியியல் நோக்கில் இது பேரிழப்பு. 1980களிலும் 90களிலும் பேசப்பட்ட எத்தனையோ வட்டார வழக்குகள், உறவுமுறை விளிகள், சடங்கில் பெண்கள் பேசிக்கொண்ட பேச்சு, வேலைதேடி தில்லிக்கும் மும்பைக்கும் பெயர்ந்த தமிழரின் கலப்புமொழி ஆகியவை ஒலிவாங்கிக்கு முன்னால் ஒலித்தும் நாடாவில் தங்கவில்லை. குடும்பத்தாருக்கோ இழப்பு இன்னும் எளிய சொற்களில் அமைகிறது: “மூஞ்சி இருக்கு, குரல் இல்ல.”

கைப்பேசி இக்குறையைத் தீர்த்தது. இன்று யாரும் பாட்டு ஏற்றக் காத்திருப்பதில்லை. எடுத்தவுடன் குரலோடு அனுப்பிவிடுகின்றனர். “புதுசுதான் நல்லது” என்று இளையவர் சொல்வதில் இந்த உண்மை அடங்கியிருக்கிறது. ஆனால் கைப்பேசி நிறைந்துவிடுகிறது. ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்னும் அறிவிப்பு வந்ததும் காலை வணக்கப் படங்களோடு பாட்டியின் பேச்சும் சேர்ந்து அழிக்கப்படுகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்ட வீடியோ சுருக்கப்பட்டுத் தெளிவு குன்றிவிடுகிறது. கேசட்டை அழிக்க ஒருவர் முனைந்து செயல்பட வேண்டியிருந்தது. பரணில் மறந்துபோனாலும் அது அங்கேயே கிடந்தது. கைப்பேசிப் பதிவைக் காக்கத்தான் ஒருவர் முனைய வேண்டியிருக்கிறது. மறந்தால் அது போய்விடும்.

ஆக, ‘அந்தக் காலத்து கேசட் மாதிரி வராது’ என்னும் கூற்றைப் பழமைப் பற்று என்றோ, ‘என்ன கிளாரிட்டி!’ என்னும் கூற்றைப் புதுமை மயக்கம் என்றோ தள்ளுவது முறையன்று. முன்னது நிலைத்திருத்தலைப் பற்றியது. பின்னது முகமும் குரலும் கிட்ட வருவதைப் பற்றியது. இரு சாராரும் தத்தம் அனுபவத்திலிருந்து சரியாகவே பேசுகின்றனர். கருவியை வடிவமைப்போர் இவ்விரண்டையும் ஒருசேரத் தர முனைந்ததில்லை என்பதே குறை.

இதற்கிடையில் காலம் குறைந்துகொண்டிருக்கிறது. யுனெஸ்கோவின் ‘அனைவருக்கும் தகவல்’ திட்டமும் பன்னாட்டு ஒலி, ஒளிக் காப்பகச் சங்கமும் 2019இல் காந்த நாடா குறித்து உலகளாவிய எச்சரிக்கை விடுத்தன. நாடா அழிவதற்கு முன்பே அதை ஓட்டும் கருவிகளும் உதிரிப் பாகங்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் இல்லாமற்போவர் என்பது அதன் சாரம். பெருங்காப்பகங்களை நோக்கிச் சொல்லப்பட்டது அது. பரணில் கிடக்கும் கேசட்டுக்கு எந்தக் காப்பகமும் பொறுப்பில்லை. அந்தந்த வீடுதான் பொறுப்பு.

செய்யக்கூடியவை சில உண்டு. கேசட்டை ஈரமும் வெயிலும் படாத இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். பூஞ்சை பிடித்த நாடாவை அப்படியே கருவியில் போடலாகாது; நாடா அறுவதோடு ஹெட்டும் கெடும், அதே கருவியில் அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பூஞ்சை பரவும். டிஜிட்டலுக்கு மாற்றித்தரும் கடையில், இருக்கும் ஒலியை நீக்காமல், புதிய இசை ஏதும் சேர்க்காமல், முழுமையாக மாற்றித்தரும்படி சொல்லிவைக்க வேண்டும். பாட்டுக்கு இடையில் வீடியோக்காரர் தவறவிட்ட ஓரிரு நிமிட அசல் ஒலி எங்கேனும் எஞ்சியிருக்கக்கூடும். மாற்றிய கோப்பை ஒரே பென்டிரைவில் விட்டுவிடாமல் இரண்டு மூன்று இடங்களில் வைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இதற்குச் செலவே இல்லை. மாற்றிய படத்தைப் பெரிய திரையில் போட்டு, வீட்டில் எஞ்சியிருக்கும் மூத்தவரை முன்னால் அமர்த்த வேண்டும். அவர் சும்மா பார்க்கமாட்டார். “இது யாரு தெரியுதா? நம்ம பெரியம்மாவோட நாத்தனார். அன்னிக்கு பந்தியில ஒரே சண்ட” என்று தொடங்கிவிடுவார். பக்கத்தில் ஒரு கைப்பேசியை வைத்து அந்தப் பேச்சைப் பதிவுசெய்தால் போதும். பெயர் தெரியாத முகங்களுக்கு அவர் பெயர் சொல்வார். எந்தக் கேசட்டிலும் இடம்பெறாத அவருடைய குரலும் அதே பதிவில் வந்து சேரும்.