பத்திரம் காத்த வீடு

ஹவுரா ரயில் நிலையத்திலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால், ஹூக்ளி நதியின் மேற்குக் கரையில் பேலூர் மடம். கூட்டமெல்லாம் 1938-ல் திறக்கப்பட்ட ராமகிருஷ்ணர் கோயிலுக்குத்தான். ஆற்றை ஒட்டி நிற்கும் பழைய மாடி வீட்டைப் பலர் கவனிப்பதில்லை. அதன் மாடி அறையில்தான் 1902 ஜூலை 4-ம் தேதி இரவு விவேகானந்தர் காலமானார்.

1898-ல் இந்த இடத்தை வாங்கியபோது மேடும் பள்ளமுமான கரை. அதில் ஒரு பழைய வீடு. ஆங்கிலேயப் பெண்மணி ஹென்ரியட்டா முல்லர் நிலம் வாங்கப் பணம் தந்தார். பொறியாளராக இருந்து துறவியான விஞ்ஞானானந்தர் கட்டட வேலையைக் கவனித்தார். 1899 ஜனவரியில் துறவிகள் குடிவந்தனர்.

வந்தது வம்பு. கல்கத்தா பணக்காரர்கள் அந்நாளில் ஆற்றங்கரையில் உல்லாசத்துக்கென்றே தோட்ட வீடுகள் வைத்திருந்தனர். இதுவும் 'நரேந்திரநாத் தத்தரின் தோட்ட வீடு'தான் என்று சொல்லி பாலி நகராட்சி வரி விதித்தது. மடம் நீதிமன்றம் போய் ஜெயித்தது. 1901-ல் விவேகானந்தர் சொத்து முழுவதையும் சக துறவிகளைக் கொண்ட அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். அறங்காவலர் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்கவில்லை.

அந்தப் பத்திரத்தின் அருமை மற்ற இரண்டு வீடுகளைப் பார்த்தால் புரியும்.

ஆற்றுக்கு அக்கரையில், வடகொல்கத்தாவின் கவுர்மோகன் முகர்ஜி தெருவில் அவர் பிறந்த வீடு. தந்தை 1884-ல் இறந்ததும் பங்காளி வழக்கு தொடங்கியது. கடைசிச் சிக்கல் தீர்ந்தது அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்புதான். பிறகு வீடு கூறுபோடப்பட்டது, குடித்தனங்கள் நிறைந்தன, சுவர்கள் சிதைந்தன. அங்கே இருந்தவர்களுக்கு மாற்று ஏற்பாடு செய்து, ராமகிருஷ்ணா மிஷன் அதை மீட்டுப் புதுப்பித்துத் திறந்தது 2004-ல்.

சென்னைக் கதை தமிழர்களுக்குத் தெரிந்ததே. 1842-ல் அமெரிக்கப் பனிக்கட்டி வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ், பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்காரின் வீடானது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கினார். சென்னை மடமும் தொடக்க காலத்தில் அங்கே இயங்கியது. ஐயங்கார் மறைந்தபின், 1906-ல் வீடு ஏலத்துக்கு வந்தது. துறவிகள் மயிலாப்பூரில் வேறு இடம் தேடவேண்டியதாயிற்று. 1930-ல் அரசு வாங்கிய அந்தக் கட்டடம், குத்தகையாக மடத்தின் கைக்குத் திரும்பியது 1997-ல்.

மூன்று வீட்டுக்கும் மதிப்பு ஒருவரால் வந்தது. ஆனால் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு உரிய காலத்தில் பதில் எழுதிவைத்தது ஹவுராவில் மட்டும்தான். கொல்கத்தாவில் இன்றும் எத்தனையோ பழைய மாளிகைகள் பங்காளி வழக்கில் காத்துக் கிடக்கின்றன. மழைநீர் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை.

பேலூரில் அந்த மாடி அறை, அவர் பயன்படுத்திய பொருட்களோடு அப்படியே இருக்கிறது.