யேனாவின் சுண்ணாம்புச் சரிவுகள்

ஜெர்மனியின் நடுவே, துரிங்கியா மாநிலத்தில், ஸாலே ஆற்றங்கரையில் இருக்கிறது யேனா. கார்ல் ஸைஸ் 1846-இல் தன் நுண்ணோக்கிப் பட்டறையைத் தொடங்கியது இங்கேதான். ஷில்லர் வரலாறு கற்பித்ததும், எர்ன்ஸ்ட் ஹேக்கல் விலங்கியல் கற்பித்ததும் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான். என் தம்பி மகள் அங்கே புவி அறிவியல் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போன எனக்கு, ரயிலடியை விட்டு வெளியே வந்ததுமே ஊரைச் சுற்றி நிற்கும் மலைகள்தான் கண்ணை இழுத்தன. பெரிய மலைகள் என்று சொல்ல முடியாது. கடல் மட்டத்திலிருந்து நானூறு மீட்டர் இருந்தால் அதிகம். உச்சி தட்டையாகவும் பக்கங்கள் செங்குத்தாகவும் இருந்தன. தெற்கு பார்த்த சரிவுகளில் மரம் குறைந்து, வெளுத்த கல் தெரிந்தது. உள்ளூர்ப் பாட்டிகள் கைத்தடியோடு அந்தச் சரிவுகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"மே மாசக் கடைசியில வந்திருக்கீங்க பெரியப்பா. சரியான நேரம். ஆர்க்கிட் பூத்திருக்கும்" என்றாள்.

ஆர்க்கிட் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது மழைக்காடு. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் ஈரப்பாசி படிந்த மரக்கிளைகளில் தொற்றிக்கொண்டு நிற்குமே, அந்தச் செடிகள். இங்கே காய்ந்த சரிவில், ஜல்லிக்கல் நடுவே, தரையில் ஆர்க்கிட் முளைக்கும் என்றாள். அதைப் பார்க்கத்தான் லொய்ட்ராட்டால் பள்ளத்தாக்குக்குக் கிளம்பினோம். யேனாவுக்குத் தென்மேற்கில், லொய்ட்ரா என்ற சிறு கிராமத்தை ஒட்டியிருக்கும் இயற்கைக் காப்பிடம் அது. நகரப் பேருந்தில் போய் இறங்கி, மீதி தூரத்தை நடந்தோம்.

வழியில் கிடந்த கல் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். சாம்பல் நிறம், விரல் தடிமன், மேற்பரப்பில் மெல்லிய அலை அலையான மடிப்புகள். பையிலிருந்து ஒரு சொட்டுக் குப்பியை எடுத்தாள். புவி அறிவியல் மாணவர்கள் களத்துக்கு எடுத்துப்போகும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். கல்லின் மேல் ஒரு துளி விட்டதும் சுர்ரென்று நுரைத்தது. கால்சியம் கார்பனேட் அமிலத்தில் கரைந்து கரியமில வாயுவை விடும் நுரை அது. துளி முழுதும் அடங்க அரை நிமிடம் ஆயிற்று. அத்தனை சுண்ணாம்பு அந்தக் கல்லில்.

சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடல் ஒன்று கிடந்தது. அதன் அடியில் படிந்த சுண்ணாம்புச் சேறும் சிப்பிகளும் இறுகிக் கல்லாயின. அந்தக் கல்லை ஜெர்மானியர் முஷெல்கால்க், அதாவது சிப்பிச் சுண்ணாம்பு என்கிறார்கள். அதற்கு அடியில் மணற்பாறை, மேலே கோய்ப்பர் என்ற களிப்பாறை. இந்த மூன்று அடுக்கையும் ஒன்றாகச் சேர்த்து 1834-இல் ஃப்ரீட்ரிக் ஃபான் ஆல்பெர்ட்டி என்ற நிலவியலாளர் ‘டிரயாஸ்’ என்று பெயரிட்டார். டைனசோர்கள் தோன்றிய காலத்தை உலகமெங்கும் டிரயாசிக் என்று சொல்வது இந்த ஜெர்மன் பாறைகளை வைத்துத்தான்.

சரிவின் அடிப்பாகத்தில், மணற்பாறை அடுக்கின் மேல்பகுதியாக, சிவப்பும் பச்சையுமான களிப்பாறை. தண்ணீரை அது உள்ளே விடாது. அதற்கு மேலே நிற்கும் சுண்ணாம்புப் பாறை முழுதும் விரிசல். பெய்கிற மழை விரிசல் வழியாக இறங்கிக் களிப்பாறையைத் தொட்டதும் பக்கவாட்டில் ஊற்றாக வெளிவருகிறது. மேல் சரிவோ மழை விட்ட சில நாட்களிலேயே உலர்ந்துவிடுகிறது. யேனாவின் ஆண்டு மழை 600 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மலை மறைவில் இருக்கும் நம் கோவைக்குக் கிடைப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். குளிர்காலத்தில் விரிசலில் நிற்கும் நீர் உறைந்து விரியும்போது பாறை சில்லுச் சில்லாகத் தெறிக்கிறது. சரிவெங்கும் சரளை பரவியிருப்பது அப்படித்தான்.

காப்பிடத்துக்குள் நுழைந்ததும் குரல் வந்தது: "பெரியப்பா, பாதையை விட்டுக் கீழ கால் வச்சிறாதீங்க. பூக்காத சின்னச் செடியெல்லாம் புல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கும்."

முதலில் தென்பட்டது ஊதா ஆர்க்கிட். முழங்கால் உயரத் தண்டில் முப்பது நாற்பது பூக்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே கருஞ்சிவப்பு முக்காடு, கீழே வெளிர் ரோஜா நிற இதழ், அதில் பொடிப்பொடியாக ஊதாப் புள்ளிகள். புள்ளி என்று நான் நினைத்தது பக்கத்தில் பார்த்தால் நுண்மயிர்க் கற்றை. ஒன்றைப் பார்த்துக் கண் பழகியதும் சரிவு முழுவதும் அவை நிற்பது தெரிந்தது. இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் உண்டு. 1937-லேயே இது காப்பிடமாக அறிவிக்கப்பட்டதற்கு அவையே காரணம்.

ஈ ஆர்க்கிட்டைப் பார்க்க மண்டியிட வேண்டியிருந்தது. மெல்லிய தண்டில் இடைவெளி விட்டு நான்கைந்து பூக்கள். கீழ் இதழ் பழுப்பு நிற வெல்வெட். நடுவில் பளபளக்கும் நீலச்சாம்பல் பட்டை. மேலே உணர்கொம்பு மாதிரி இரண்டு கருத்த இழைகள். பூவில் தேன் கிடையாது. பெண் குளவி விடும் வாசனையை அச்சு அசலாக இந்தப் பூ விடுகிறது. பெண்ணென்று நம்பி ஆண் குளவி வந்து உட்கார்கிறது. அடுத்த பூவுக்கும் அதே நம்பிக்கையோடு போகும்போது மகரந்தம் இடம் மாறிவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட குளவியை நம்பி வாழும் செடி இது. அந்தக் குளவிக்கு வேண்டியது வெயில் படும் வெற்று மண். இந்தச் சரளைச் சரிவு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

பாதையோரம் மழை அரித்த ஒரு கரையில் மண்ணின் குறுக்குவெட்டு தெரிந்தது. மேலே ஒரு சாண் ஆழத்துக்கு அடர் கருப்பு மண், அதற்குள்ளும் கல். அதற்குக் கீழே நேராகச் சில்லுப் பாறை. ரெண்ட்சினா என்று மண்ணியலில் இதற்குப் பெயர். விரலால் தொட்டுப் பார்த்தேன். புட்டு மாவு மாதிரி உதிர்ந்தது. இலைமக்கைக் கால்சியம் பிடித்து மணிமணியாகக் கட்டிவைத்திருப்பதால் வந்த பதம். மண் கருப்பாக இருந்தாலும் செடிக்கு இது கஞ்சத்தனமான மண். பாஸ்பரஸ் இருக்கிறது, ஆனால் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத உப்பாகக் கிடக்கிறது. இரும்பும் எளிதில் வேருக்குக் கிட்டாது. நைட்ரஜன் குறைவு. தண்ணீர் தங்காது.

இந்தக் கஞ்சத்தனம்தான் அத்தனை பூக்களுக்கும் வாழ்வு. உரமான மண்ணில் இரண்டு மூன்று முரட்டுப் புற்கள் வேகமாக வளர்ந்து மற்றதையெல்லாம் நிழலில் அமுக்கிக் கொன்றுவிடும். இங்கே யாருக்கும் வேகமாக வளர வழியில்லை. அதனால் யாரும் யாரையும் அமுக்க முடிவதில்லை. இத்தகைய சுண்ணாம்புப் புல்வெளிகளில் சில இடங்களில் ஒரே சதுர மீட்டருக்குள் முப்பது, நாற்பது வகைச் செடிகள் நிற்கும். ஆர்க்கிட் விதை தூசி அளவே இருக்கும். உள்ளே சேமித்த உணவு கிடையாது. மண்ணிலுள்ள பூஞ்சை ஒன்று ஊட்டினால்தான் முளைக்கும். ஒரு மூட்டை ரசாயன உரத்தைக் கொண்டுவந்து கொட்டினால் சில ஆண்டுகளில் இந்தச் சரிவு வெறும் பச்சையாகிவிடும்.

மேலே போகப் போகப் புல்வெளி முடிந்து மரங்கள் வந்தன. பீச், ஓக், இடையிடையே காட்டு சோர்பஸ். ஈர நிலத்தில் நெடுநெடுவென வளரும் பீச் மரம் இந்தச் சரளையில் குட்டையாக, முறுக்கிக்கொண்டு நிற்கிறது. மேற்கவிகை அடர்த்தியாக மூடாததால் வெயில் திட்டுத்திட்டாகத் தரையை எட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1992-இல் கொண்டுவந்த வாழிடப் பாதுகாப்புச் சட்டத்தில், சுண்ணாம்புச் சரிவின் உலர்ந்த பீச் காடு தனி வகையாகவே இடம்பெற்றிருக்கிறது. சருகுகளுக்கு நடுவே வெள்ளை ஆர்க்கிட்டுகள் நின்றன. பச்சையமே இல்லாத, உடம்பெல்லாம் பழுப்பான பறவைக்கூடு ஆர்க்கிட்டும் இருந்தது. அது வாழ்நாள் முழுவதும் பூஞ்சையிடமே உணவு பெறுகிறது. ஒரு வேரருகே ரோமன் நத்தை ஒன்று ஊர்ந்தது. எலுமிச்சம்பழ அளவு கூடு. அந்தக் கூட்டைக் கட்டவும் மண்ணில் சுண்ணாம்பு வேண்டும்.

மறுநாள், தன்னார்வலர் ஒருவர் வேறொரு சரிவுக்கு எங்களைக் கூட்டிப்போனார். ஓய்வுபெற்ற ஆசிரியர், எழுபது வயதைத் தாண்டியவர். இடத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. காட்டோரத்தில் கயிறு கட்டிய ஒரு வளைவுக்குள் சீமாட்டிச் செருப்பு ஆர்க்கிட் பூத்திருந்தது. முறுக்கிய நான்கு கருஞ்சிவப்பு இதழ்கள், நடுவே எலுமிச்சை மஞ்சளில் உப்பிய பை. பைக்குள் விழும் சிறு தேனீ வந்த வழியே ஏற முடியாது, உள்சுவர் வழுக்கும். பின்பக்கம் வெளிச்சம் தெரியும் சின்னத் துளை வழியாகத்தான் வெளியேறும். அப்போது முதலில் சூலகமுடியில் உரசி, பிறகு மகரந்தத்தைத் தோளில் சுமந்துகொண்டு போகும். விதை முளைத்துப் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். அழகே இந்தச் செடிக்கு ஆபத்தாயிற்று. இங்கிலாந்தில் தோண்டித் தோண்டி எடுத்து, 1917-இல் அற்றுப்போனதாகவே அறிவித்தார்கள். 1930-இல் யார்க்‌ஷயரில் ஒரே ஒரு செடி கிடைத்தது. பல பத்தாண்டுகள் அதன் இடத்தை ரகசியமாக வைத்துக் காவல் காத்தார்கள்.

"வேலி போட்டு விட்டுவிட்டால் போதாதா?" என்று கேட்டேன். அவர் ஜெர்மன் மொழியில் சொன்னதைத் தம்பி மகள் எனக்குச் சொன்னாள். இந்தச் சரிவுகளில் நூற்றாண்டுக் கணக்கில் திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. திராட்சை போனபின் ஆடுகள் மேய்ந்தன. ஆடு கடித்ததால்தான் முட்புதர் தலைதூக்கவில்லை, புல்வெளி திறந்தே கிடந்தது. மேய்ச்சல் குறைந்ததும் காட்டுப் பிளம் முள்ளும் ஹாஸலும் மூடத் தொடங்கின. மரம் வளர்ப்பதாக எண்ணி, வெறும் சரிவுகளில் கரும்பைன் நட்டதும் உண்டு. அதன் நிழலில் பூக்கள் மறைந்தன. எனவே ஆர்க்கிட் விதை உதிர்ந்த பிறகு தன்னார்வலர்கள் வந்து புல் வெட்டுகிறார்கள், புதர் களைகிறார்கள். செம்மறியும் வெள்ளாடும் மேயவிடப்படுகின்றன. வெட்டிய புல்லை அங்கேயே விட மாட்டார்கள். வாரி வெளியே கொண்டுபோய்விடுவார்கள். மக்கினால் மண் உரமாகிவிடும் அல்லவா? மண்ணை ஏழையாகவே வைத்திருக்க இத்தனை உழைப்பு!

லொய்ட்ராட்டாலில் இதைவிடப் பெரிய வேலையும் நடந்திருக்கிறது. 1930-களில் போட்ட நெடுஞ்சாலை, இன்றைய ஏ4, இந்தப் பள்ளத்தாக்கின் நடுவே போயிற்று. கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் இணைந்தபின் லாரிகள் பெருகின. ஆறு வழிச் சாலையாக அகலப்படுத்த வேண்டி வந்தது. சரிவை வெட்டி அகலப்படுத்தியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, பக்கத்து யாக்ட்பெர்க் மலைக்குள் சுமார் மூன்று கிலோமீட்டர் சுரங்கம் குடைந்தார்கள். 2014-இல் போக்குவரத்து சுரங்கத்துக்கு மாறியது. அதன்பின் பழைய சாலையைப் பெயர்த்தெடுத்து, அந்த நிலத்தைப் பள்ளத்தாக்கிடமே விட்டார்கள். சாலை ஓடிய தடத்தை என் தம்பி மகள் காட்டியிராவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. ஒரு நாடு தான் போட்ட நெடுஞ்சாலையைத் தோண்டி எடுத்ததை என் வாழ்நாளில் முதன்முறையாக அங்கேதான் பார்த்தேன்.

கோவைக்காரனான எனக்கு எங்கள் பக்கத்துக் கரடுகள் நினைவுக்கு வராமல் இருக்க முடியவில்லை. அங்கேயும் செம்மண்ணுக்கு அடியில் சுக்கான்கல், சரளை, குறைந்த மழை. உசிலும் வெள்வேலும் கிளுவையும் அந்த நிலத்தைப் பிடித்து நிற்கின்றன. வருவாய்த்துறைக் கணக்கில் அத்தகைய நிலம் பலவும் ‘தீர்வை ஏற்படாத தரிசு’. வரி வராத நிலம் வீண் நிலம் என்ற எண்ணத்தில் அதை வெட்டுகிறோம், நிரவுகிறோம், இல்லையென்றால் நல்லெண்ணத்தோடு வேற்று மரங்களை நட்டு மூடுகிறோம். யேனாக்காரர்களும் கரும்பைன் நட்டவர்கள்தான். பிறகு நிலத்தை நிதானமாகப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கல்லும் சுண்ணாம்புமான சரிவில் என்னென்ன வாழ்கிறது என்று எண்ணிப் பார்ப்பதே நாம் செய்ய வேண்டிய முதல் வேலை. எண்ணியவர்கள் அதை வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: மே நடுவிலிருந்து ஜூன் நடுவரை நல்ல பருவம். பாதையிலேயே நடக்க வேண்டும். பூவைப் பறிப்பது சட்டப்படி குற்றம். நான் ஊர் திரும்பும் முன் அந்த ஆசிரியர் தம்பி மகளிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார். இலையுதிர் காலப் புல்வெட்டுக்கு ஆள் சேர்க்கிறார்களாம். அங்கேயே நின்று கையெழுத்துப் போட்டாள்.