படகுக்கு 61 நாள், உங்களுக்கு ஒரு நாள்

1/ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தூத்துக்குடி விசைப்படகுக்காரங்களுக்கு ஒரே கேள்வி: படகைத் தண்ணியிலேயே கட்டிப் போடவா, கரையேத்தவா?

2/ தண்ணியில கிடந்தா பாசியும் கொட்டலசும் ஒட்டும். மரப்படகை கப்பல்புழு உள்ளுக்குள்ளேயே குடையும், வெளியே தெரியாது. செலவானாலும் கரையேத்தினாதான் அடிப்பலகையைப் பார்க்க முடியும்.

3/ போன தடைக்காலத்துல ஒரு அண்ணாச்சி வந்தார். படகைக் கரையேத்தி, சுரண்டி, பெயின்ட் அடிச்சாச்சு. கால்ல மட்டும் ஆறாத புண். சுகர் 400-க்கு மேல. மூணு வருஷமா டெஸ்ட்டே எடுக்கலை. ஒரு விரலை எடுக்க வேண்டியதாச்சு.

4/ சர்க்கரையும் கப்பல்புழு மாதிரிதான், சத்தமில்லாம குடையும். படகைக் கரையேத்துற வாரத்துலேயே ஒரு நாள் அரசு ஆஸ்பத்திரிக்கு வாங்க. சுகர், பிரஷர் டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம். காலையும் காட்டிட்டுப் போங்க.