வரிசை முதலில், மணி பிறகு

திங்கள், அதிகாலை

பாளையங்கோட்டையில் ஏப்ரல் மாத வெயில் எட்டு மணிக்கே முற்றத்தில் வந்து நின்றுவிடும். அதனால் இப்போது பாடங்களை ஏழு மணிக்கே தொடங்குகிறோம். நான் ஐந்து மணிக்கு எழுகிறேன். பிள்ளைகள் மூவரும் எழும்புமுன் வேதம் வாசிக்கவும் ஜெபிக்கவும் இந்த வேளைதான் கிடைக்கிறது.

இன்று வாசித்தது மாற்கு முதல் அதிகாரம். கப்பர்நகூமில் முந்தின நாள் சாயங்காலம் ஊரே வாசலில் கூடியிருந்தது. இயேசுவோ இருட்டோடே எழுந்து, ஆளில்லாத இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். எல்லாரும் தேடுவதாகச் சீஷர்கள் வந்து சொன்னபோதும் அவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் புறப்படுகிறார். தேவை இருக்கிற இடத்தையும் விட்டுப் போகிற தெளிவு அந்த ஜெபத்தில்தான் கிடைத்தது என்று நம்புகிறேன். வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் தாய்க்கும் அந்தத் தெளிவு வேண்டும். காலை ஜெபம் என் நாளை நீட்டித் தருவதில்லை. இன்று எதைச் செய்யாமல் விடலாம் என்று பதறாமல் பார்க்கப் பெலன் தருகிறது.

செவ்வாய், மதியம்

மணி குறித்துப் போடும் கால அட்டவணை எங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. தண்ணீர் வரும் நேரம் மாறும், கரண்ட் போகும், ஊரிலிருந்து யாராவது வந்து இறங்குவார்கள். ஆகவே நாங்கள் வரிசையை மட்டும் வைத்திருக்கிறோம்: குடும்ப ஜெபம், காலைச் சாப்பாடு, கணக்கு, தமிழ் வாசிப்பு, பிறகு மற்றவை. நடுவில் தண்ணீர் வந்தால் எல்லாருமாக எழுந்து குடங்களை நிரப்பிவிட்டு, விட்ட இடத்தில் தொடர்வோம். கணக்கும் வாசிப்பும் முடிந்துவிட்டால், மதியம் யார் வந்தாலும் அன்றைய பள்ளி நடந்துவிட்டது.

கடைக்குட்டிக்கு ஆறு வயது. இங்கிலாந்தின் ஷார்லட் மேசன் வீட்டுக்கல்வி பற்றிய தம் முதல் நூலை 1886-இல் வெளியிட்டார். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் 20 நிமிடத்தைத் தாண்டக்கூடாது, கேட்ட கதையைப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது அவர் முறை. வேலை நிறைந்த வீட்டுக்கு இரண்டுமே பொருந்தும். இன்று ரூத்தின் கதையை வாசித்துக் காட்டிவிட்டுத் தேங்காய் துருவ உட்கார்ந்தேன். அவன் எதிரே சம்மணம் போட்டுச் சொன்னான்: "அம்மா, ரூத்து பின்னாடியே கதிர் பொறுக்கிட்டு வந்தா. போவாஸ் வேலைக்காரங்ககிட்ட, வேணும்னே கொஞ்சம் கீழ போடுங்கன்னு சொல்லிட்டாரு. அப்பதான அவளுக்கு வெக்கமா இருக்காது." கடைசி வாக்கியம் நான் வாசித்ததில் இல்லை, அவனே கண்டுபிடித்தது. அவனுக்குக் கதை எவ்வளவு புரிந்தது என்பதை எந்தக் கேள்வித்தாளும் எனக்கு இப்படிக் காட்டியிருக்காது.

வியாழன், இரவு

வியாழக்கிழமை என்றாலே எனக்குச் சூசன்னா வெஸ்லி நினைவுக்கு வருவார். எப்வொர்த் குருமனையில் வாழ்ந்த தாய். பெற்ற பிள்ளைகள் 19, அவர்களில் பலர் கைக்குழந்தையாகவே இறந்தார்கள். கடன், 1709-இல் வீட்டையே எரித்த தீ, கணவர் இல்லாத மாதங்கள் இவற்றுக்கு நடுவே காலை 9 முதல் 12 வரை, பிற்பகல் 2 முதல் 5 வரை வீட்டிலேயே பள்ளி நடத்தினார். இவற்றைவிட என்னைத் தொடுவது 1712-இல் அவர் கணவருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ஒவ்வோர் இரவும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச நேரம் ஒதுக்கியதாக எழுதி, கிழமைவாரியாகப் பெயர்களைத் தருகிறார். வியாழன் ஜானுடையது. பின்னாளில் ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியரான ஜான் வெஸ்லி, அந்த வியாழக்கிழமை நேரத்தில் கொஞ்சத்தைத் தமக்காக மறுபடி ஒதுக்கும்படி தாயைக் கேட்டு எழுதினார். அத்தனை பாட வேளைகளைத் தாண்டியும் அந்த மாலைதான் அவருக்கு வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் வியாழன் மூத்தவளுடையது. இன்று மொட்டைமாடிக் கொடியிலிருந்து துணி எடுக்கும்போது அவளும் வந்தாள். தம்பியின் சட்டையை மடித்துக்கொண்டே, "அம்மா, நான் ஜெபம் பண்ணும்போது சில நாள் ஒண்ணுமே தோணமாட்டேங்குது. அது தப்பா?" என்றாள். கூடையைக் கீழே வைத்துவிட்டேன். இருட்டும் வரை பேசினோம். ராத்திரிக்குச் சட்னி அரைக்க நேரமில்லை, இட்லிப்பொடி போதுமாக இருந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளை இப்படிக் கேட்கிற நேரத்தைத் தள்ளிப்போட முடியாது.

வெள்ளி, மாலை

தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம் உள்ள ஊரில் பிள்ளைகளை ஏன் வீட்டில் வைத்திருக்கிறோம் என்று உறவினர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். பத்தாவதுக்கு என்ன வழி என்று இன்று பெரியம்மா கேட்டார்கள். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தைப் பற்றிச் சொன்னேன். பத்தாம் வகுப்புக்கு இணையான படிப்பில் சேர 14 வயது நிரம்பியிருக்க வேண்டும். 5 பாடங்களில் தேறினால் சான்றிதழ். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும், அதற்குள் 9 வாய்ப்புகள் உண்டு.

இந்த ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். அவசரம் குறைந்தால், பிள்ளைக்குத் தடுமாற்றமான பாடத்தில் நின்று நிதானிக்கலாம். மூத்தவளுக்கு அல்ஜீப்ரா பிடிபடாததால் இந்த மாதம் வரலாற்றை ஒதுக்கிவைத்திருக்கிறோம். ஆபீஸ் விட்டு வந்ததும் என் கணவர் அவளோடு அரை மணி நேரம் கணக்குப் போடுகிறார். அந்த நேரத்தில் நான் நடுவுள்ளவனுக்கு வாசித்துக் காட்டுகிறேன். வீட்டுக்கல்வி தாய் ஒருத்தியின் தலைமேல் மட்டும் இறங்கினால் நெடுநாள் தாங்காது.

சனி, இரவு

பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் அக்கா போன் பண்ணினார்கள். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நான் பொறுப்பெடுக்க வேண்டுமாம்.

"அக்கா, பாட்டு சொல்லிக் குடுக்க வாரேன். முழுப் பொறுப்பு இந்த வருஷம் வேண்டாம். பிள்ளைய சின்னதா இருக்காங்க."

"ஒன்ன விட்டா யாரு இருக்கா?"

"ஜெபம் பண்ணுவோம் அக்கா, ஆண்டவர் ஆள் தருவாரு."

கெட்டதை மறுப்பது சுலபம். தாய்மாருக்குக் கடினமானது நல்ல ஊழியத்தை மறுப்பதுதான். ஆனால் ஆலயத்துப் பிள்ளைகளுக்கு வேறு ஆசிரியர்கள் வருவார்கள். என் மூன்று பிள்ளைகளுக்கு அம்மா நான் ஒருத்தி.

ஞாயிறு, மாலை

ஆலயம் முடிந்து வந்து, நேற்றே வைத்த குழம்பைச் சூடாக்கிச் சாப்பிட்டோம். இன்று பாடப் புத்தகம் எதுவும் திறக்கப்படவில்லை. வனாந்தரத்தில் மன்னா பொறுக்கியவர்கள் ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்தார்கள், ஏழாம் நாள் வெளியே தேடிப் போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஓய்வு நாள் வேலை மிஞ்சாதவர்களுக்கு மட்டும் தரப்பட்டதல்ல என்று இந்தப் பகுதி எனக்குச் சொல்கிறது. மிஞ்சிய வேலையோடேயே நிறுத்தலாம், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.

வீட்டுக்கல்வி தொடங்க நினைக்கும் தங்கைமார் என்ன புத்தகம் வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. கணவரோடு உட்கார்ந்து, இந்த வருஷம் எவற்றை விடப்போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிழமையைக் குறித்துவையுங்கள். மிச்சமுள்ள நேரத்துக்குள் எத்தனை பாடங்கள் அடங்குமோ, அவையே போதும்.