கிடப்பில் போட்டவை: சில குறிப்புகள்

மஞ்சள் நிறத்தில் ஒரு தலை. ஷாப்பிங் மாலில் கிடக்கிறது. எடுத்து மாட்டிக்கொண்டு ஜாம்பிகளை அடித்து நொறுக்கலாம். டெட் ரைசிங், 2006.

யாருடைய தலை என்று தெரியாமலே மாட்டிக்கொண்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

அது செர்வ்பாட். மெகா மேன் லெஜண்ட்ஸ் சீரீஸில் ட்ரான் பான் என்ற கொள்ளைக்காரப் பெண்ணின் எடுபிடி ரோபோ. அந்த சீரீஸின் கடைசிப் பெரிய கேம் வந்தது 2000-இல். தலை மட்டும் காப்காமின் மற்ற கேம்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

காப்காம். ஒசாகா. 1979-இல் வேறு பெயரில் தொடங்கியது, 1983-இல் இந்தப் பெயர். நிறுவனர் கென்ஸோ சுஜிமோட்டோவுக்குக் கலிபோர்னியாவின் நாபாவில் திராட்சைத் தோட்டம் உண்டு. ஒயின் தயாரிக்கிறார்.

இதை ஏன் எழுதினேன்? தெரியவில்லை. இருக்கட்டும்.

லெஜண்ட்ஸ் 2-இன் முடிவு. கதாநாயகன் மெகா மேன் பூமிக்கு மேலே எலிசியம் என்ற இடத்தில் மாட்டிக்கொள்கிறான். திரும்ப வர வழியில்லை. கீழே ரோல் என்ற பெண்ணும் ட்ரானும் சேர்ந்து அவனைக் கொண்டுவர ராக்கெட் கட்டுகிறார்கள். கேம் முடிந்தது.

ரசிகர்கள் அந்த இடத்தை நிலா என்றே சொல்கிறார்கள். அவனை நிலாவிலிருந்து இறக்குங்கள் என்பதுதான் அவர்களுடைய கோஷம். தொடர்ச்சி வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ஆளை இறக்கு என்கிறார்கள்.

2010 செப்டம்பர்: லெஜண்ட்ஸ் 3 வருகிறது, நின்டெண்டோ 3டிஎஸ்ஸில். அறிவிப்பு.

2010 அக்டோபர் கடைசி: கெய்ஜி இனாஃபுனே காப்காமை விட்டு விலகுகிறேன் என்கிறார். இந்த சீரீஸுக்காக உள்ளே பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான்.

2011 ஜூலை: ரத்து.

நடுவில் இருந்த பத்து மாதம்தான் விசித்திரம். கேமை உருவாக்குகிறபோதே ரசிகர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். புதிய கதாநாயகிக்குப் பல உருவங்களை வரைந்து வைத்து, எது வேண்டும் என்று ஓட்டுப் போடச் சொன்னார்கள். போட்டார்கள். ஜெயித்த பெண்ணுக்கு ஏரோ என்று பெயர்.

ஏரோவின் கேம் வரவே இல்லை. தேர்தலில் ஜெயித்ததோடு சரி.

முன்னோட்டமாக ஒரு சின்னப் பதிப்பை விற்கப்போவதாகச் சொன்னார்கள். அதுவும் வரவில்லை.

அதே 2011-இல், பிப்ரவரி மாதம், மார்வெல் வெர்சஸ் காப்காம் 3. அதில் ட்ரான் பான் சண்டை போடுகிறாள். அவளுடைய செர்வ்பாட்களும் கூட வருகின்றன. மெகா மேன் இல்லை.

வில்லி வந்தாயிற்று, நாயகன் மேலேயே.

அடுத்த வருடம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் எக்ஸ் டெக்கன். மெகா மேன் இருக்கிறான். தொப்பையோடு. 1987-இல் வந்த முதல் கேமுக்கு அமெரிக்காவில் ஓர் அட்டைப்படம் போட்டார்கள். உலகத்தின் மோசமான அட்டைகளில் அதற்கு நிலையான இடம் உண்டு. மஞ்சளும் நீலமுமாக உடுப்பு, கையில் துப்பாக்கி, கோணல் நிற்பு. வரைந்தவர் கேமைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அந்த ஆளுக்கு வயதாகித் தொப்பை விழுந்தால் எப்படி இருப்பான், அதுதான் இது.

நல்ல பகடி. வேறு எந்த வருடம் வந்திருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

2013-இல் நின்டெண்டோ தன் ஸ்மாஷ் பிரதர்ஸில் மெகா மேனைச் சேர்ப்பதாக அறிவித்தது. பக்கத்து வீட்டில் சோறு போட்டார்கள்.

அதில் அவனுடைய கடைசி அடியைக் கவனிக்க வேண்டும். வெவ்வேறு சீரீஸின் மெகா மேன்கள் வரிசையாக வந்து நின்று ஒன்றாகச் சுடுகிறார்கள். அந்த வரிசையில் லெஜண்ட்ஸ் பையனும் நிற்கிறான். சில விநாடி. பிறகு காணோம்.

இனி பெயர்கள்.

எண்பதுகளில் ஜப்பானிய கேம் நிறுவனங்கள் ஊழியர்களின் நிஜப் பெயரைத் திரையில் போடுவதில்லை. போட்டால் போட்டிக் கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடும். அதனால் புனைபெயர். மெகா மேனில் இனாஃபுனேயின் பெயர் இனாஃப்கிங்.

மெகா மேனைப் படைத்தவர் இனாஃபுனே என்று உலகம் நம்புகிறது. இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். முதல் உருவத்தைப் போட்டவர் அகிரா கிடமுரா. முதல் இரண்டு கேம்களின் இயக்குநர். அதன்பின் வெளியே போய்விட்டார். கிடமுராவுக்காக யாரும் கோஷம் போட்டு நான் பார்த்ததில்லை.

இனாஃபுனே வெளியே வந்த பிறகு மெகா மேன் மாதிரியே ஒன்றுக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார். மைட்டி நம்பர் 9. 2013. கிக்ஸ்டார்ட்டரில் 38 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. தள்ளிப்போய்த் தள்ளிப்போய் 2016-இல் வந்தது. சுமார்.

ஆனால் கடைசியில் பெயர்கள் ஓடுகின்றன பாருங்கள். பணம் போட்டவர்கள் அத்தனை பேரும். கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். கேமையே அதற்குள் முடித்துவிடலாம்.

ஓகாமி. 2006. க்ளோவர் ஸ்டுடியோ செய்தது, காப்காமின் சொந்தக் கிளை. ஓநாய் வடிவில் சூரிய தெய்வம், வால்தான் தூரிகை. விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். கடையில் நகரவில்லை. ஆண்டின் சிறந்த கேம் விருது வாங்கியவற்றில் மிகக் குறைவாக விற்றது என்று கின்னஸ் புத்தகம் ஒரு பட்டமே கொடுத்தது. 2007-இல் ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள்.

2008-இல் அதை வீ கருவிக்குக் கொண்டுவந்தார்கள். அட்டைப்படத்தில் ஓநாயின் வாய்ப்பக்கம் மங்கலாக ஏதோ தெரிகிறது. உற்றுப் பார்த்தால் ஐஜிஎன். செய்தித் தளத்தின் முத்திரை. தன் சொந்த கேமின் படத்தையே இணையத்திலிருந்து இறக்கி அச்சடித்திருக்கிறது கம்பெனி. பிறகு, கேட்டவர்களுக்கெல்லாம் வேறு அட்டை அனுப்பினார்கள்.

எனக்கு அந்தத் தப்பான அட்டைதான் வேண்டும்.

அதே வீ பதிப்பில் முடிவில் ஓடும் பெயர்ப்பட்டியலை எடுத்துவிட்டார்கள். க்ளோவரின் சின்னம் அதில் வருகிறது, பயன்படுத்த உரிமையில்லை என்று காரணம். செய்தவர்களின் பெயர் போயிற்று. இயக்குநர் ஹிதேகி காமியா வருத்தப்பட்டார்.

2024 டிசம்பரில் ஓகாமிக்குத் தொடர்ச்சி அறிவிப்பு. இயக்கம் காமியா. அவருடைய புது ஸ்டுடியோவின் பெயர் க்ளோவர்ஸ்.

டைனோ கிரைசிஸ். இதற்குத்தான் இப்போது அதிகச் சத்தம்.

1999. ஷின்ஜி மிகாமி. அவருடைய ரெசிடெண்ட் ஈவிலில் ஜாம்பி, இதில் டைனோசர். சிவப்பு முடி ரெஜினா. டைனோசர் கதவோடு நிற்காது, அடுத்த அறைக்கும் துரத்திக்கொண்டு வரும். ஜாம்பிக்குப் பழகியவர்களுக்கு அது புது பயம். ஏறத்தாழ 24 லட்சம் பிரதி விற்றதாகக் காப்காமின் பட்டியலிலேயே இருக்கிறது. அப்புறம் ஏன் கிடப்பில்? தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

இரண்டாம் பாகம், 2000. கடைசியில் கூட வந்த டிலன் தன் மகளை விட்டு வரமாட்டேன் என்று வேறொரு காலத்திலேயே தங்கிவிடுகிறான். மகளின் மேல் இயந்திரம் விழுந்து கிடக்கிறது, எழ முடியாது. நீ போ, திரும்பி வந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போ என்று ரெஜினாவை அனுப்புகிறான். அவள் போகிறாள்.

மூன்றாம் பாகம், 2003. விண்கலம். 26-ஆம் நூற்றாண்டு. ரெஜினாவும் இல்லை, டிலனும் இல்லை.

அதை ரசிகர்கள் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. நான் சேர்க்கிறேன், விண்வெளியில் டைனோசர் என்று ஒருவர் கூட்டத்தில் சொல்லி மற்றவர்கள் தலையாட்டியிருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்துக்காக.

இரண்டாம் பாகத்தை இயக்கியவர் ஷு டகுமி. அது முடிந்ததும் மிகாமி அவரிடம், ஆறு மாதம் தருகிறேன், உனக்குப் பிடித்ததைச் செய் என்று விட்டார். ஏழு பேர். வந்தது ஏஸ் அட்டார்னி, 2001. வக்கீல் கேம். ஆட்சேபணை என்று கை நீட்டிக் கத்துவார்களே, அது. டைனோசர்களை முடித்துவிட்டு நேராக நீதிமன்றம்.

2022 மார்ச். புதிய கேமின் முன்னோட்டம். வானத்திலிருந்து டைனோசர்கள் கொட்டுகின்றன. ஒரு பெண், சிவப்பு முடி. அந்தச் சில விநாடிகளில் எத்தனை பேர் எழுந்து நின்றிருப்பார்கள்!

எக்ஸோபிரைமல் என்று பெயர் வந்தது. உட்கார்ந்தார்கள்.

2023-இல் வெளிவந்தது. அடுத்த வருடமே புதிதாக எதுவும் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

2024-இல் காப்காமே ஒரு தேர்தல் நடத்தியது. எந்த சீரீஸ் திரும்ப வேண்டும்? முதலிடம் டைனோ கிரைசிஸ்.

அந்த வருடக் கடைசியில் திரும்பி வருவதாக அறிவித்தவை: ஒனிமுஷா, ஓகாமி.

2025 ஜனவரியில் டைனோ கிரைசிஸுக்கும் ஒன்று கிடைத்தது. பழைய கணினிப் பதிப்புகளே, இன்றைய விண்டோஸில் ஓடும்படி தட்டிக்கொட்டி, ஜிஓஜி கடையில். ரசிகர்களில் சிலர் அந்த வேலையை வருடக்கணக்காகக் கூலியில்லாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

வணிக முத்திரைப் பதிவுகளை ரசிகர்கள் பஞ்சாங்கம் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். இந்தப் பெயரைப் புதுப்பித்திருக்கிறார்கள், ஆகவே வருகிறது. வருவதில்லை. பெயர் கைவிட்டுப் போகாமலிருக்கப் புதுப்பிப்பது எந்தக் கம்பெனியும் செய்வது. அவர்களுக்கும் அது தெரியும். ஆனாலும் பார்க்கிறார்கள்.

ரீமேக், ரீமாஸ்டர், போர்ட். மூன்றும் மூன்று சாதி. ஒன்றைச் சொல்லி மற்றொன்றைக் கொடுத்தால் சண்டை.

நம்பிக்கைக்கு ஓர் ஆதாரம் கையில் இருக்கிறது அவர்களிடம். ஸ்ட்ரீட் ஃபைட்டரே தூங்கியதுதான். 1999-இல் மூன்றாவதின் கடைசிப் பதிப்பு, நான்காவது 2008-இல். யோஷினோரி ஓனோ உள்ளே நச்சரித்து நச்சரித்துக் கொண்டுவந்தார். அது ஓடியது. அதிலிருந்து எல்லோரும் ஓர் ஓனோவைத் தேடுகிறார்கள்.

அதே ஓனோ டார்க்ஸ்டாக்கர்ஸுக்கும் முயன்றார். ரத்தக் காட்டேரி, ஓநாய் மனிதன், மம்மி எல்லாம் அடித்துக்கொள்ளும் சண்டை கேம், 1994. 2013-இல் பழையதைப் புதுப்பித்து விட்டார்கள். பெயர் ரெசரெக்‌ஷன். விற்பனை போதவில்லை. அதில் வரும் மாரிகன் மட்டும் மற்றவர்கள் வீட்டுச் சண்டைக்கெல்லாம் போய் வருகிறாள்.

பிரெத் ஆஃப் ஃபயர். முதல் ஐந்து பாகங்களிலும் நாயகன் பெயர் ரியூ, நாயகிக்கு நீனா. ஆறாவது 2016-இல், ஜப்பானில் மட்டும், ஃபோனிலும் பிரவுசரிலும். 2017-இல் சர்வரை அணைத்தார்கள். இனி யாரும் அதை ஆட முடியாது. ரசிகர்களிடம் கேட்டால் அப்படி ஒன்று இல்லை என்பார்கள். இப்போது அது உண்மையும்கூட.

ஸ்வீட் ஹோம், 1989. கியோஷி குரோசவாவின் படத்தை ஒட்டியது. பேய் வீடு, ஐந்து பேர், செத்தவர் செத்தவர்தான். செய்தவர் டோகுரோ ஃபுஜிவாரா. ஜப்பானுக்கு வெளியே விற்கவே இல்லை. ரசிகர்கள் தாங்களே ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டார்கள். இதைத் திரும்பச் செய்யலாம் என்று மிகாமியிடம் கொடுத்ததுதான் ரெசிடெண்ட் ஈவிலாக ஆனது.

கதவு மெதுவாகத் திறக்கும் அந்தக் காட்சி. ரெசிடெண்ட் ஈவில் ஆடியவர்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஸ்வீட் ஹோமிலிருந்து எடுத்தது.

கதவை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுவிட்டார்கள்.

ஒனிமுஷாவிலும் இப்படி ஒன்று. 2001. சோதனை நேரத்தில் ஒரு கோளாறு: வாளால் அடித்த எதிரி கீழே விழாமல் அந்தரத்திலேயே துள்ளினான். காமியா அதைப் பார்த்தார். டெவில் மே க்ரை-யின் சண்டை முழுக்க அந்தத் துள்ளல்தான். ஒனிமுஷாவில் சரிசெய்துவிட்டார்கள்.

ஒனிமுஷாவுக்கு நிஜ நடிகர்களின் முகம் வேண்டும். முதலாவதில் டகேஷி கனேஷிரோ. மூன்றாவதில் ழான் ரெனோ. பாரிஸில் பேய்ப்படை இறங்கி அட்டகாசம் செய்கிறது.

இரண்டாவதில் யூசாகு மட்சுடா. கேம் வந்தது 2002. மட்சுடா இறந்தது 1989.

2006-க்குப் பிறகு பெரிதாக எதுவுமில்லை. 2026-க்கென்று புதியதை அறிவித்தார்கள். நாயகன் மியாமோட்டோ முசாஷி. முகம் டொஷிரோ மிஃபுனேயுடையது. ஐம்பதுகளில் அதே முசாஷியாக மூன்று படங்களில் நடித்தவர். 1997-இல் காலமானார். குடும்பத்தாரிடம் அனுமதி, கணினியில் முகம், குரலுக்கு வேறு ஆள்.

முன்னோட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். புருவம் சரியாக இருக்கிறது. கழுத்தைச் சொறிந்துகொள்வாரே, யோஜிம்போ படத்தில், அது இருக்குமா?

நெட்ஃபிளிக்ஸ் அனிமேஷனிலும் அவர் முகத்தைத்தான் போட்டார்கள், 2023. ஆக இந்த சீரீஸில் மிஃபுனேவுக்கு இது இரண்டாவது வாய்ப்பு. ரெஜினாவுக்கு இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.