ஓரத்தில் நின்றவர்

சென்ற ஆண்டு கோடம்பாக்கம் பாத்திமா அன்னை ஆலயத்தில் நமது பேத்தி புதுநன்மை வாங்கினாள். திருப்பலி முடிந்ததும் குடும்பத்தார் 13 பேரும் ஆலயத்தின் முன்னே ஒரே வரிசையில் நின்றோம். மூத்த பேரனின் நண்பன் கைபேசியில் படம் எடுத்தான். 78 வயது நிறைந்த நம் தமக்கையாரை நடுவில் வந்து நிற்கும்படி பலமுறை அழைத்தோம். "பிள்ளைகள் நிற்கட்டும் தம்பி, எனக்கு இந்த ஓரம் போதும்" என்று கூறி இடது கோடியில் போய் நின்றுகொண்டார்.

சில நாள் கழித்து, ஆல்பத்தில் வைப்பதற்காக 6க்கு 4 அங்குல அளவில் பிரதிகள் எடுக்கச் சென்றோம். "தாள் முழுவதும் நிரம்பும்படி போடலாமா, ஐயா?" என்று கடைக்காரத் தம்பி கேட்டார். கேள்வியின் பொருள் விளங்காமலேயே, "அப்படியே போடுங்கள், அழகாக இருக்கட்டும்" என்றோம். உறையைப் பிரித்தும் பாராமல் வீட்டிற்குக் கொண்டுவந்து தமக்கையாரின் கையில் கொடுத்தோம். அவர் மூக்குக் கண்ணாடியை அணிந்து, ஒவ்வொரு முகமாக விரலால் தொட்டுக்கொண்டே சென்றார். விரல் படத்தின் விளிம்பில் வந்து நின்றது.

"தம்பி, நான் வரவில்லையே?"

கைபேசியைத் திறந்து பார்த்தோம். அதில் அவர் நன்றாகவே இருந்தார். அப்படியானால் தாளில் ஏன் இல்லை? விசாரித்தபோதுதான் உண்மை புலனாயிற்று. கைபேசித் திரையை நிறைக்கும் அந்தப் படத்தின் அகலமும் உயரமும் 16க்கு 9 என்ற விகிதத்தில் அமைந்தவை. தாளோ 3க்கு 2 என்ற விகிதத்தில் அமைந்தது. உயரத்தை 4 அங்குலமாகக் கொண்டால், அப்படத்திற்கு ஏறக்குறைய 7.1 அங்குல அகலம் வேண்டும். தாளில் இருப்பதோ 6 அங்குலம்தான். எனவே பக்கத்திற்கு அரை அங்குலத்திற்குச் சற்று மேலாக இயந்திரம் வெட்டிவிட்டது. வலது ஓரத்தில் ஒரு பூந்தொட்டி போயிற்று. அதை எவரும் தேடவில்லை. இடது ஓரத்தில் போனவர் நம் அக்கா.

அளவுகள் ஏன் இப்படி ஒன்றோடொன்று பொருந்தாமல் இருக்கின்றன? கோடம்பாக்கத்தாருக்கு இதன் விடை தொலைவில் இல்லை. திரைப்படச் சுருளில் ஒரு கட்டம் 24க்கு 18 மில்லிமீட்டர். அதாவது 4க்கு 3. அதே சுருளைப் பயன்படுத்தி 1925ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த லைக்கா காமிரா, இரண்டு கட்டங்களைச் சேர்த்து 36க்கு 24 ஆக்கியது. அதுவே 3க்கு 2. நமது 6க்கு 4 தாள் அதற்கு இசைந்தது. 10க்கு 8 என்பது அதற்கும் முந்திய பெரிய கண்ணாடித் தகட்டுக் காமிராக்களின் அளவு. கைபேசிகளோ பெரும்பாலும் பழைய தொலைக்காட்சிப் பெட்டியைப் போன்று 4க்கு 3 என்றே படம் பிடிக்கின்றன. 16க்கு 9 என்பது இன்றைய அகலத் தொலைக்காட்சியின் வடிவம். 1973இல் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' வெளிவந்தது. அத்தகைய அகலப் படங்களைப் பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் காட்டியபோது, ஒன்று ஓரங்களை வெட்டினார்கள். அல்லது மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டார்கள். மூன்றாவது வழி இல்லை. நம் வீட்டுப் படத்திற்கும் அதுவே சட்டம்.

ஆகவே வாசக அன்பர்கள் சிலவற்றை நினைவில் கொள்வது நலம். கைபேசியில் 4க்கு 3 என்ற அளவையே வைத்து, நாற்புறமும் சிறிது இடம் விட்டுப் படம் எடுங்கள். அப்படத்திற்கு 8க்கு 6, 12க்கு 9 ஆகிய தாள்கள் சரியாகப் பொருந்தும். 6க்கு 4 தாளில் நிரப்பினால் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். பெரிய காமிராவின் 3க்கு 2 படத்திற்கு 6க்கு 4, 12க்கு 8, 18க்கு 12 ஆகியவை பொருந்தும். அதையே 10க்கு 8இல் நிரப்பினால் அகலத்தில் ஆறில் ஒரு பங்கை இழப்போம். எதுவாயினும், "வெட்டாமல் முழுப் படமும் போடுங்கள், வெள்ளை ஓரம் இருந்தால் பரவாயில்லை" என்று கடையில் சொல்லிவிடுவது உத்தமம். அச்சிடுமுன் திரையில் ஒருமுறை காட்டச் சொல்லி, முகங்களை எண்ணிப் பாருங்கள்.

விருந்துக்கு அழைக்கப்பட்டால் கடைசி இடத்தில் போய் அமருங்கள் என்று நம் ஆண்டவர் கற்பித்தார். நம் இல்லங்களில் அதை அப்படியே கடைப்பிடிப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் கைம்பெண்களுமே. அவர்கள் தாமாகவே ஓரத்திற்குச் செல்கிறார்கள். "நண்பரே, மேலே வாரும்" என்று அழைக்க வேண்டிய நாமோ, தாள் நிரம்பினால் போதும் என்று சொல்லிவிடுகிறோம். இயந்திரத்திற்கு முகம் தெரியாது. நமக்குத் தெரியும் அல்லவா? குற்றம் கடைக்காரருடையது அன்று, நம்முடையதே.

மறுநாளே வேறு பிரதி எடுத்தோம். 6 அங்குல அகலத்தில் முழுப் படமும் வந்தது. மேலும் கீழும் மெல்லிய வெள்ளைப் பட்டை. "இது எதற்குத் தாத்தா, நன்றாகவே இல்லையே?" என்றாள் பேத்தி. தமக்கையார் ஒன்றும் சொல்லவில்லை. மீண்டும் விரலால் முகங்களைத் தொட்டுக்கொண்டே சென்று, கடைசி முகத்தில் நிறுத்தினார். பின்னர் அப்படத்தைத் தம் செப நூலுக்குள் வைத்து மூடிக்கொண்டார்.